பதின்மூன்றாம் பிறை

காலையில் இல்மா சமையலறைக்கு வந்தபோது மேசையில் ஒரு சிறிய தட்டு இருந்தது. தட்டில் ஒரே ஒரு பேரீச்சங்கொட்டை. பக்கத்தில் காலியான தண்ணீர்க் கிளாஸ்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ராத்தா, கொட்டையப் பாத்து ஏன் அழுறீங்க?" என்று கேட்டான் ஹுதைபா. இல்மாவின் தம்பி. ஆறு வயது.

"வாப்பா விடிய எழும்பி சஹர் செஞ்சிருக்கார். இன்னைக்கும் நோன்பு."

"ஒரு பழத்தோடயா?"

"ஒரு பழத்தோடதான்."

ஹுதைபா கொட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல ஒண்ணும் மிச்சம் இல்லையே" என்றான்.

இல்மா நான்கு நாட்களாகக் காத்திருந்தாள். அது ஏன் என்று புரிய, பெருநாள் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் பிறையில் வரும். பெருநாள் அன்று நோன்பு பிடிக்கக் கூடாது. அதற்கு அடுத்த மூன்று நாட்களும், அதாவது பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் பிறைகளும், பெருநாளின் தொடர்ச்சிதான். உண்பதற்கும் பருகுவதற்கும் அல்லாஹ்வை நினைப்பதற்கும் உரிய நாட்கள் அவை. அந்த நாட்களிலும் நோன்பு பிடிக்கக் கூடாது. மார்க்கம் கற்ற எவ்வளவு பெரிய ஆலிமாக இருந்தாலும் சரி, சாப்பிட்டே ஆக வேண்டும்.

மத்ரஸாவில் இதைக் கேட்ட அன்றே இல்மா விரல் விட்டு எண்ணினாள். நான்கு நாட்கள்! அதில் ஒரு நாளாவது வாப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஏனென்றால், உம்மா மௌத்தாகி அடக்கமான பிறகு வாப்பா வீட்டில் பிள்ளைகளோடு சாப்பிடுவதே இல்லை. இரண்டரை மாதங்களாகிவிட்டன. முதலில் திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தார். பிறகு இடையில் உள்ள நாட்களிலும் பிடித்தார். பகலெல்லாம் அக்குறணையில் உள்ள தன் கடையில் உட்கார்ந்து பழுதான மின்விசிறிகளையும் ரைஸ் குக்கர்களையும் திருத்துவார். மாலையில் பள்ளிவாசலிலேயே நோன்பு திறப்பார். அலவத்துகொட வீட்டுக்கு அவர் வந்து சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

ஆனால் சனிக்கிழமை, பெருநாளன்று, வாப்பா அறுத்த குர்பான் இறைச்சி பங்கு வைக்கப் பள்ளிவாசலுக்குப் போனவர், இரவில்தான் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமை கடையைத் திறந்துவிட்டார். மிஞ்சியது இன்றைய செவ்வாய்க்கிழமை மட்டும்தான். பௌர்ணமிப் போயா விடுமுறை. பள்ளிக்கூடமும் இல்லை, கடையும் இல்லை.

அந்தக் கடைசி நாளில் வாப்பா நோன்பு பிடித்துவிட்டார். பிடிக்கக் கூடாத நாளில்!

"ராத்தா, ஒண்டு சொல்லட்டா?" ஹுதைபா குரலைத் தாழ்த்தினான். "வாப்பா ஸ்க்ரூ ட்ரைவரால பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டார். நான் கண்டேன். பழைய ஓட்டையெல்லாம் லூஸாம்."

"ம்."

"உம்மா மாதிரி வாப்பாவும் மௌத்தாகிடுவாரா?"

இல்மா தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

வாப்பாவுக்கு இந்தப் பிழை எப்படி வந்தது? இல்மா சுவரில் தொங்கிய கலண்டரை அண்ணாந்து பார்த்தாள். பார்த்த உடனேயே புரிந்தது.

கலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் ஆங்கிலத் தேதி. மூலையில் உள்ள சின்ன எண் பிறைத் தேதி. வருடத் தொடக்கத்தில் உம்மா ஊதாப் பேனாவோடு கதிரையில் ஏறி நின்று, பன்னிரண்டு மாதங்களுக்கும் வட்டம் போட்டுவிடுவார். மாதத்துக்கு மூன்று வட்டம். நிலா முழுதாக ஒளிரும் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாம் பிறைகளில் உம்மா நோன்பு பிடிப்பார். இந்த மாதத்தில் மட்டும் பதின்மூன்று கூடாது என்பதால், பதினான்கு, பதினைந்து, பதினாறில் வட்டம் போட்டிருந்தார். உம்மா சரியாகத்தான் போட்டிருந்தார்.

பிழை கலண்டரிலும் இல்லை. கலண்டரை முந்திய வருடமே கணக்குப் பார்த்து அச்சடித்துவிடுகிறார்கள். ஆனால் மாதம் உண்மையில் எப்போது தொடங்கும்? இருபத்தொன்பதாம் நாள் மாலையில் வானத்தில் பிறை தெரிந்தால் அடுத்த நாள் முதலாம் பிறை. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். இந்த முறை எங்கும் மேகம். பிறை தென்படவில்லை. அதனால் மாதம் ஒரு நாள் பிந்தித் தொடங்கியது. அச்சடித்த எண்ணோ நகராமல் அப்படியே நிற்கிறது.

கலண்டர் இன்று பதினான்கு என்றது. வானத்தின் கணக்கில் இன்று பதின்மூன்று.

வாப்பாவுக்கு இது தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். ஆனால் இருட்டோடு எழுந்து வந்தவரின் கண்ணில் உம்மாவின் ஊதா வட்டம்தான் பட்டிருக்கிறது. வெளியே மழை கொட்டியதால் அதிகாலை ஸுபஹ் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதுவிட்டார். பள்ளிவாசலுக்குப் போயிருந்தால், தொழுகைக்குப் பின் எல்லோரும் சொல்லும் பெருநாள் தக்பீர் முழக்கத்தைக் கேட்டதும் நினைவு வந்திருக்கும்.

"ஓடிப்போய் சொல்லட்டா?" ஹுதைபா கிளம்பிவிட்டான். "வாப்பா, நீங்க பிழை, பிழைண்டு!"

இல்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்படிச் சொன்னா வாப்பாட மனசு நோகும். நீங்க ஒரு வேலை செய்யணும். உங்களுக்கு எண்ணத் தெரியுந்தானே?"

"நூறு வரைக்கும் தெரியும்! அறுபத்தொன்பதுக்குப் பொறகு மட்டும் கொஞ்சம் கஷ்டம்."

"பதின்மூணு வரைக்கும் போதும்."

முன்னறையில் வாப்பா குர்ஆனைத் திறந்து வைத்திருந்தார். உதடு அசைந்தது. ஆனால் வெகுநேரமாகப் பக்கம் திரும்பவில்லை. இல்மா கிளாஸில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய், முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றாள்.

"வாப்பா, தம்பி பிறைக் கணக்குப் படிக்கிறார். கேக்கிறீங்களா?"

"சொல்லுங்க மகன்" என்றார் வாப்பா. குரல் வறண்டிருந்தது.

ஹுதைபா நெஞ்சை நிமிர்த்தி விரல்களை நீட்டினான். "சனிக்கிழம பெருநாள். பிறை பத்து! ஞாயிறு பதினொண்டு. திங்கள் பன்னெண்டு. இன்னைக்கு செவ்வாய்…" அவன் இழுத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். "பதின்மூணு!"

வாப்பா குர்ஆனை மெதுவாக மூடினார்.

"பதினாலுண்டு நினைச்சேன்" என்றார். பிறகு நெற்றியில் கையை வைத்தார். "வட்டத்தப் பாத்தேன். யோசிக்கவே இல்ல. கூடாத நாள்ல பிடிச்சிட்டேனே."

"தெரியாமத்தானே வாப்பா" என்று இல்மா கிளாஸை நீட்டினாள்.

வாப்பா 'பிஸ்மில்லாஹ்' சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தார். பகல் வெளிச்சத்தில் வாப்பா தண்ணீர் குடிப்பதைப் பிள்ளைகள் இருவரும் வாய் பிளந்து பார்த்தார்கள். ஏதோ அதிசயம் நடப்பது போல.

"பகலைக்கு நான் சமைக்கிறேன் வாப்பா. நாம மூணு பேரும் ஒண்டா தின்னுவோம்."

வாப்பா தலையை ஆட்டவில்லை. "எனக்குப் பசிக்கல்ல மகள். நீங்க ரெண்டு பேரும் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இல்மா காலிக் கிளாஸோடு நின்றாள். நோன்பு முடிந்துவிட்டது. ஆனால் வாப்பா இன்னும் அங்கேயேதான் இருந்தார், அவளால் எட்ட முடியாத ஏதோ ஓர் இடத்தில்.

இருந்தாலும் அவள் சமைத்தாள். அரிசியைக் கழுவி ரைஸ் குக்கரில் போட்டாள். சோறு வெந்ததும் அது 'டக்' என்று தானாக நிற்கும். எப்படித் தெரியுமா? பானைக்கு அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் உள்ளவரை பானையின் சூடு ஓர் அளவைத் தாண்டாது. தண்ணீரையெல்லாம் அரிசி குடித்து முடித்ததும் சூடு ஏறும். சூடு ஏறினால் காந்தம் பிடியை விட்டுவிடும். வாப்பா ஒருநாள் குக்கரைக் கழற்றி இல்மாவுக்கு இதைக் காட்டினார். அப்போது உம்மா இருந்தார். "நட்டையெல்லாம் என்ட சோத்துக்குள்ள போட்டுடாதீங்க" என்று ஏசினார்.

வேலிக்கு அப்பால் இருந்து ருக்கியா சாச்சி கூப்பிட்டார். உம்மாவின் தங்கை அவர், அடுத்த வீடு.

"மகள்! இறைச்சிக் கறி கொஞ்சம் ஈக்கி, பிடிங்க. மூடியத் திருப்பித் தாங்க. என்ட மூடி மூணு உங்கட வீட்டில ஈக்கி. என்ட சட்டியெல்லாம் மொட்டத் தலையோட நிக்கிது!"

இல்மா சிரித்துக்கொண்டே வாங்கினாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

பிறகு கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த சஹனை இறக்கினாள். சஹன் என்பது ஒரு பெரிய வட்டத் தட்டு. கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அதில் சாப்பிடுவார்கள். சோறு நடுவில் இருக்கும். அவரவர் தனக்கு முன்னால் உள்ள பக்கத்திலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் அவர் பக்கத்துச் சோறு மட்டும் குன்று போல அப்படியே நிற்கும். யாரும் மறைக்க முடியாது.

பெருநாள் தினங்களில் உம்மா இந்தத் தட்டில்தான் சோறு வைப்பார்.

முன்னறையில் பாய் விரித்து, சஹனை நடுவில் வைத்து, இல்மாவும் ஹுதைபாவும் உட்கார்ந்தார்கள். கறி மணம் அறையெல்லாம் பரவியது. இருவரும் கை வைக்கவில்லை.

"தின்னுங்க" என்றார் வாப்பா.

"சஹன்ல ரெண்டு பேர் தின்ன ஏலா வாப்பா" என்றான் ஹுதைபா. "அது சாயும்."

வாப்பா எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். மூன்று பக்கம் மூன்று பேர். நான்காவது பக்கத்தில் யாரும் இல்லை. அவர் கை மடியிலேயே கிடந்தது.

இரண்டரை மாதங்களாக இல்மா ஒரு கேள்வியை மனதில் வைத்திருந்தாள். இப்போது அது தானாக வெளியே வந்தது.

"வாப்பா, எங்களோட கோபமா?"

"ஏன் மகள் கோபம்?"

"நான் பொய் சொன்னேனே."

ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் வாப்பா பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாப் இருந்தார். இஃதிகாப் இருப்பவர் தொழுதுகொண்டும் ஓதிக்கொண்டும் பள்ளிவாசலுக்குள்ளேயே இருப்பார். முக்கியமான தேவை இல்லாமல் வெளியே வரமாட்டார். மாலையில் நோன்பு திறக்க இல்மாதான் சாப்பாட்டுக் கூடையைப் பள்ளிவாசல் வாசலுக்குக் கொண்டுபோவாள்.

அந்த நாட்களில்தான் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது.

"நீங்க ஒவ்வொரு நாளும் 'உம்மா எப்படி'ண்டு கேட்டீங்க. நான் 'நல்லா ஈக்கிறாங்க'ண்டு சொன்னேன்." இல்மாவின் குரல் உடைந்தது. "உம்மா சொல்ல வேணாமெண்டாங்க. 'இன்னும் நாலு நாள்தானே, அவர் நிம்மதியா ஓதட்டும்'ண்டாங்க. காய்ச்சலோட நோன்பும் பிடிச்சாங்க. சாச்சி விடச் சொல்லியும் கேக்கல்ல. பொறகு காய்ச்சல் குறைஞ்சிச்சு. சுகமாகிட்டுண்டு நினைச்சோம்…"

அது டெங்குக் காய்ச்சல். டெங்குவில் ஒரு கொடுமை உண்டு. உடல் கொதிக்கும்போது இருப்பதைவிட, சூடு இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். அந்த நேரத்தில் இரத்தத்தில் உள்ள நீர் இரத்தக் குழாய்களை விட்டுக் கசிந்து வெளியேறும். அப்போது நோயாளியை வைத்தியர்கள் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். அவர்கள் சொல்லும் அளவுக்குக் குடிக்கவும் வேண்டும். உம்மாவோ அன்றும் நோன்பு. மயங்கி விழுந்தவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோன்புப் பெருநாள் பிறை தெரிவதற்கு முன்பே உம்மா போய்விட்டார்.

"நான் உண்மையச் சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்க" என்று இல்மா விம்மினாள்.

வாப்பா கறிச் சட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்டைக்கெல்லாம் கூடையில வந்த கறி சாச்சிட கறி. உப்புக் கொஞ்சம் கூட. முதல் வாயிலயே எனக்குத் தெரிஞ்சிச்சு மகள்."

இல்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க உம்மா சமைக்கல்லயெண்டு தெரிஞ்சிச்சு. ஏன் சமைக்கல்லயெண்டு எழும்பி வந்து பாத்திருக்கலாம். பள்ளிக்கும் வீட்டுக்கும் நாலு நிமிஷம். இஃதிகாப் முறிஞ்சிடுமேண்டு இருந்துட்டேன். முறிஞ்சா முறியட்டுமேண்டு வந்திருக்கணும்." வாப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. "நீங்க சின்னப் பிள்ள. உம்மா சொன்னதக் கேட்டீங்க. உங்கள்ல ஒரு பிழையும் இல்ல. எப்பவும் அப்படி நினைக்கக் கூடாது. விளங்கிச்சா?"

இல்மா தலையசைத்தாள். "அதுக்குத்தானா வாப்பா இவ்வளவு நோன்பும்?"

"ம்."

ஹுதைபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. "நீங்க தின்னாம ஈக்கிறது தெரிஞ்சா உம்மா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டான்.

வாப்பா கண்களைத் துடைத்தார். "ஏசுவாங்க."

"எப்படி?"

"'சோறு ஆறுது, மனுசனுக்குக் கண் தெரியல்லயா'ண்டு ஏசுவாங்க."

அது அப்படியே உம்மாவின் குரல் போலவே இருந்தது. ஹுதைபா சிரித்துவிட்டான். சிரித்த வேகத்திலேயே அழவும் தொடங்கினான். மூன்று பேரும் அழுதார்கள். உம்மா போன பிறகு மூன்று பேரும் சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை. இதுவரை ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகத்தான் அழுதிருந்தார்கள்.

"உம்மாக்காக துஆ செய்யுங்க வாப்பா. நோன்பும் பிடிங்க" என்றாள் இல்மா. "ஆனா எங்களுக்கு மிச்சம் நீங்க ஒராள்தானே. எங்களோடயும் கொஞ்ச நேரம் இருங்க."

வாப்பா சட்டைக் கையை மடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சோற்றில் கறியைப் பிசைந்து, முதல் கவளத்தை ஹுதைபாவின் வாயில் வைத்தார். இரண்டாவதை இல்மாவுக்கு ஊட்டினார். மூன்றாவதைத் தானே சாப்பிட்டார்.

பிறகு நிறுத்தவே இல்லை. தன் பக்கத்துக் குன்றை மெல்ல மெல்லக் கரைத்து முடித்தார். நான்காவது பக்கத்தில் இருந்த சோற்றைத் தயங்கியபடி மூன்று பங்காகப் பிரித்தார். "வீணாக்கினாலும் ஏசுவாங்க" என்றார்.

"நாளைக்கித்தான் உண்மையான பதினாலு" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "நாளைக்கி நான் பிடிக்கிறேன் மகள். உம்மா பிடிச்ச மாதிரி மாசத்துக்கு மூணு நாள். ஆனா திறக்கிறது வீட்டில, உங்களோட. மத்த நாள்ல பகலைக்குக் கடையப் பூட்டிட்டு வாறேன்."

"எப்பவுமா?" என்றான் ஹுதைபா.

"மழை பெஞ்சா கொஞ்சம் பிந்தும்."

சஹன் துடைத்தது போல ஆகிவிட்டது. வாப்பா விரலைச் சப்பியபடி கேட்டார். "மகள், இன்னும் கொஞ்சம் சோறு ஈக்கா?"

இல்மா சமையலறைக்கு ஓடினாள். குக்கரைத் திறந்து பார்த்தாள். உள்ளே நான்கைந்து பருக்கைகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. காலையில் அவள் கை தன் பழக்கத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே அரிசி அள்ளியிருக்கிறது.

"முடிஞ்சி வாப்பா!" என்று கத்தினாள்.

"அதுக்கென்ன, இன்னொரு தரம் வைப்போம்" என்று வாப்பா எழுந்து வந்தார். பின்னாலேயே ஹுதைபாவும் வந்தான்.

இல்மா அரிசி வாளியைத் திறந்தாள். இந்த முறை கவனமாக, வாய்விட்டு எண்ணியபடி, மூன்று பேருக்கு அளந்து போட்டாள்.